பூட்டு போட்டுத் தந்தவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆஸ்திரேலியாவில் பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு சமூக ஊடகக் கணக்கு கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்ததும் வந்தது, 'இங்கேயும் அதே மாதிரி தடை போட்டுத் தொலையுங்கள்' என்று உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் அடிக்கடி யாராவது எழுதிவிடுகிறார்கள். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோர், தாத்தா பாட்டி, ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். அவர்களுடைய ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் இந்த விவகாரத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவன் இருக்கிறான், அவன் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள். நான் தாராபுரத்தில் பதினேழு வருடமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். செல்போன் கடைக்காரன் இதைப் பற்றிப் பேச வந்துவிட்டானா, சாராயக் கடைக்காரன் குடிக்காதே என்று சொன்ன கதைதான் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் உடைந்து வருகிற போனை எல்லாம் கையில் வாங்கிப் பார்க்கிறவன் நான்தானே.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் எனக்கு டிஸ்ப்ளே மாற்றும் வேலை கூடுதலாக வரும். பரீட்சை நேரம். கை தவறி விழுந்த போனையும் வீசி எறிந்த போனையும் பார்த்த உடனே சொல்லிவிடுவேன். கை தவறி விழுந்தால் ஏதாவது ஒரு மூலையில் அடிபட்டு அங்கிருந்து கோடு கிளம்பியிருக்கும். வீசி எறிந்ததில் போனின் ஃபிரேமே லேசாக வளைந்திருக்கும், பின்பக்கமும் நொறுங்கியிருக்கும், சில சமயம் பேட்டரி உப்பிக்கூட இருக்கும். கொண்டு வருகிற அப்பாவோ அம்மாவோ 'பைக்ல போறப்ப விழுந்திருச்சுங்க' என்பார்கள். நானும் சரிங்க என்பேன். பின்னால் நிற்கிற பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

போன வருடம் ஓர் அம்மா வந்தார். கழுத்தில் பனியன் கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றக்கூட இல்லை, திருப்பூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேராக வந்திருக்கிறார். பத்தாவது படிக்கும் பையனும் கூட. "டிஸ்ப்ளே எவ்வளவுங்க தம்பி ஆகும்?" ஆயிரத்து எண்ணூறு என்றேன். அது அவருக்கு மூன்று நான்கு நாள் ஷிஃப்ட் காசு. எறிந்தது அவருடைய வீட்டுக்காரர், அதை அந்த அம்மா மறைக்கவில்லை. "மாத்திக் குடுத்துருங்க. அப்படியே இந்த யூடியூப்பு, இன்ஸ்டா ஒண்ணுமே வராத மாதிரி லாக் போட்டுருங்க, இவனுக்குத் தெரியாத நம்பரா வையுங்க" என்றார். பையன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான், என்னை இல்லை, என் விரலை. நான் எந்த நம்பரை அழுத்துகிறேன் என்று பார்க்கிறான். பெருமாள் கோயில் உண்டியலுக்குப் பூட்டு போடும்போதே திருடனைப் பக்கத்தில் நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

லாக் போட 50 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். காசு வாங்கினேன், வேலையைச் செய்தேன், ஆனால் அந்தப் பூட்டு எத்தனை நாள் தாங்கும் என்பது எனக்கு அப்போதே தெரியும். அப்பா தூங்கும்போது அவர் கட்டைவிரலை எடுத்து மெதுவாக போனில் வைத்துத் திறக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பேட்டர்ன் லாக் என்றால் கண்ணாடியை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்து விரல் இழுத்த எண்ணெய்த் தடத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். யூடியூப் ஆப்பை மூடினால் குரோமில் போய்ப் பார்ப்பார்கள், குரோமையும் மூடினால் வாட்ஸ்அப்பில் நண்பன் அனுப்பிய வீடியோ, அதுவும் இல்லை என்றால் பக்கத்து வீட்டு அக்காவின் போன். ஒருவன் போனையே ரீசெட் போட்டு, தன் பிறந்த வருடத்தை 1998 என்று கொடுத்து, புதுக் கணக்குத் தொடங்கி, 'தானா ரீசெட் ஆயிருச்சுப்பா' என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். இதை எல்லாம் பிள்ளைகளே என்னிடம் வந்து பெருமையாகச் சொல்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அதை மறைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுதினால் நன்றாக இருக்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடச் சீருடையோடு ஒரு பையன் வந்து பழைய போன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். யாருக்குடா என்றேன். ஆத்தாவுக்கு என்றான். மூலையில் கீறல் விழுந்த போன் ஒன்று கிடந்தது, 1,500 ரூபாய் சொன்னேன். எண்ணிக் கொடுத்தான், எல்லாம் பத்தும் இருபதும். எந்த ஆத்தாவும் பேரனிடம் இப்படிச் சில்லறையாகக் கொடுத்து போன் வாங்கி வரச் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. விற்றேன். ஒரு மாதம் கழித்து அவன் அம்மா வந்தார். அரிசி டிரம்முக்குள், பாதி அரிசிக்குக் கீழே, பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கிடந்ததாம். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை. போனை மேஜை மேல் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். காசைத் திருப்பிக் கொடுக்க நான் எழுந்து வெளியே வருவதற்குள் ஆளைக் காணோம். அந்த போனின் ஸ்பீக்கர் ஓட்டையில் அரிசித் தவிடு இருந்தது. அன்றிலிருந்து சீருடையில் வருகிற யாருக்கும், பெரியவர்கள் கூட வராமல், போன் விற்பதில்லை. அதற்காக அவனுக்கு வேறு கடை கிடைக்காது என்று நான் நம்பவில்லை.

வீட்டில் இருந்த போனைப் பிடுங்கியதால்தான் அந்தப் பையன் அரிசி டிரம்மைத் தேடிப் போனான். நான் பார்த்த வரைக்கும் பிடுங்குகிற வீட்டில் ஒளிப்பதுதான் நடக்கிறது. பையன்கள் ஒளித்தால் தூக்கம் கெடும், படிப்பு கெடும். பெண் பிள்ளைகள் ஒளித்தால் அதைவிடப் பெரிய வில்லங்கத்தில் போய் முடியும்.

ஒருநாள் மதியம் இரண்டு பெண் பிள்ளைகள் வந்து நின்றார்கள், பதினொன்றாவது இருக்கலாம். ஒருத்திதான் பேசினாள், மற்றவள் பேசவே இல்லை. 'ஒருத்தர் போட்டோவை வேற யாராவது வெச்சுட்டு மிரட்டுனா அதை நம்ம போன்ல இருந்தே அழிக்க முடியுமாண்ணா?' அழிக்க முடியாது கண்ணு, வீட்டில் சொல்லு என்றேன். பேசாமல் நின்றவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "வீட்ல சொன்னா போனைப் புடுங்கிருவாங்கண்ணா." ஒருவன் அவளை மிரட்டிக்கொண்டிருக்கிறான், அந்தப் பிள்ளைக்கு முதலில் வருகிற பயம் அவன் மேல் இல்லை, அப்பா போனைப் பிடுங்குவார் என்பதில் இருக்கிறது. குழந்தைகளுக்கான 1098, சைபர் குற்றத்துக்கான 1930 இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, வீட்டில் யாரிடம் சொன்னால் திட்ட மாட்டார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து 'சித்தி' என்றாள். சித்தியிடம் போ என்று அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அதே சித்தியோடு டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்தாள், அதனால் ஏதோ நல்லபடியாக முடிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். நானாக எதுவும் கேட்கவில்லை. தடை வேண்டும் என்று எழுதுகிற பெரியவர்கள் இந்தப் பிள்ளை சொன்ன அந்த ஒரு வரியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகள் கையில் போன் எப்படி வந்தது என்பதையும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன்னால் ஒரு மாதத்துக்கு ஒரு ஜிபி போடவே 250 ரூபாய் அளவில் ஆகும். பையன்கள் என் கடைக்கு வந்து பாட்டு ஏற்றிக்கொண்டு போவார்கள், மெமரி கார்டு நிறைய 30 ரூபாய். அதற்கப்புறம் டேட்டா தண்ணீராக ஓட ஆரம்பித்தது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அந்த வருடம் நகையை அடகு வைத்து போன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும், ஆன்லைன் கிளாஸுக்கு வேண்டும் என்று பள்ளிக்கூடம் சொன்னது, வாங்கினார்கள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் 2021 செப்டம்பர் 1 அன்றும், சின்ன வகுப்புகளுக்கு நவம்பர் 1 அன்றும் திறந்தார்கள். பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள், போன் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. நடுவில் 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்களே, என்ன ஆனது? அடுத்த மாதமே இன்ஸ்டாவில் ரீல்ஸ் வந்துவிட்டது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். தடை போட்டால் என்ன ஆகும் என்பதை நாம் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தாகிவிட்டது.

கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றி நாடு முழுக்கக் கணக்கெடுக்கும் ஏசர் அறிக்கையில், 2024-ஆம் வருடத்துக்கான கணக்கில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் முந்தின வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் சுமார் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் சுமார் 76 சதவீதம். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. படிப்புக்காகவும் இத்தனை பேர் பயன்படுத்துகிறார்களே என்றுதான் தோன்றியது. மொத்தமாகப் பிடுங்கினால் அதுவும் சேர்ந்துதான் போகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரீசார்ஜ் போடுகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன், இதை யாரும் எழுதி நான் படித்ததில்லை. நம் ஊரில் எல்லோரும் போடுகிற பேக் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்ற கணக்கு. அன்றைய டேட்டாவை அன்றைக்கே முடித்தாக வேண்டும், மிச்சம் பிடித்து நாளைக்கு வைத்துக்கொள்ள பெரும்பாலான பேக்கில் வழி கிடையாது. நாள் எப்போது முடிகிறது? ராத்திரி 12 மணிக்கு. அப்பன் காசு கொடுத்துப் போட்டது வீணாகப் போகலாமா என்று பதினோரு மணிக்கு உட்கார்ந்து மிச்சத்தைத் தீர்க்கிற பிள்ளைகள் ஒரு ரகம். எட்டு மணிக்கே தீர்ந்துபோய், 12 எப்போது அடிக்கும் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு காத்திருக்கிறவர்கள் இன்னொரு ரகம். 12 அடித்ததும் புது டேட்டா வந்துவிடும், அப்புறம் ஒரு மணியாவது ஆகும். ஒரு கம்பெனி நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை டேட்டாவுக்குக் கணக்கே இல்லை என்று பேக் போட்டது, அதைக் கேட்டு வாங்கிப் போட்டவர்களில் பாதிப் பேர் மீசை முளைக்காத பையன்கள். 5ஜி போனும் அதற்கேற்ற பேக்கும் இருந்தால் எப்போதுமே அளவு கிடையாது, அது தனி. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரம் வரை தூங்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் போகிற பிள்ளை 12 மணிக்கு டேட்டாவுக்குக் காத்திருந்தால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆப் செய்கிறவர்களும் சும்மா இல்லை. சார்ஜிங் பின் மாற்ற ஒரு பெண் போனைக் கொடுத்துவிட்டு, 'அரை மணி நேரத்துல தந்துருவீங்களாண்ணா, ஸ்ட்ரீக் போயிரும்' என்று கையைப் பிசைந்தாள். எனக்குப் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். ஸ்னாப்சாட்டில் தோழியும் இவளும் ஒருநாள் தவறாமல் மாறி மாறிப் படம் அனுப்ப வேண்டும், அனுப்பினால் பேருக்குப் பக்கத்தில் தீ படமும் எத்தனை நாள் என்ற எண்ணும் ஏறிக்கொண்டே போகும், நேரம் நெருங்கினால் மணல் கடிகாரம் காட்டும், விட்டுவிட்டால் எண் அவ்வளவுதான். இவளுக்கு முந்நூற்றுச் சொச்சம் நாள் ஆகியிருந்தது. என்ன படம் அனுப்புவீர்கள் என்றேன். 'சும்மா செவுரு, ஃபேன், எதையாவதுண்ணா' என்றாள். அந்தப் பிள்ளைக்குத் தோழியிடம் பேசப் பிரியம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பிரியத்தை ஒருவன் சீட்டுக் கட்டுகிற மாதிரி தினத் தவணை ஆக்கி வைத்திருக்கிறான். ரீல்ஸும் இதே வேலைதான், வேறு மாதிரி. உங்கள் பேப்பருக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு, படித்து முடித்து மடித்து வைத்துவிடலாம். இதற்கு அது கிடையாது. 2006-இல் இந்த முடிவில்லாத பக்கத்தை வடிவமைத்த ஏசா ராஸ்கின் என்பவரே, ஏன்தான் இதைச் செய்தோமோ என்கிற மாதிரி பிற்பாடு வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். செய்தவரே அப்படிச் சொல்லும்போது பதினைந்து வயதுப் பிள்ளையைப் பார்த்து 'உனக்குக் கட்டுப்பாடே இல்லை' என்று கத்துவது எந்த ஊர் நியாயம்?

அதுவும் யார் கத்துவது? இங்கே நான் என் வீட்டுக் கதைக்கு வர வேண்டும். என் பெண் இப்போது பத்தாவது. போன வருடம் ஒருநாள் சாப்பிடும்போது போனை வைத்துக்கொண்டிருந்தாள் என்று நான் கத்தினேன். அவள் சண்டைக்கு வரவில்லை. என் போனை எடுத்தாள், செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒன்று இருக்கிறது, அதைத் திறந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "பாருங்கப்பா." அன்றைக்கு மட்டும் ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடம். கடை வேலை என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தால் எந்த ஆப்பில் எவ்வளவு என்று அதிலேயே வரிசையாக இருக்கிறது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஷார்ட்ஸும் வாட்ஸ்அப்பும்தான். ஊருக்கெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறவன் என் போனில் ஒருநாளும் திறந்ததில்லை. என் மனைவி சாம்பார் ஊற்றிக்கொண்டே சிரித்தார். அவருடையது நான்கு மணி நேரம், அப்புறம்தான் தெரிந்தது.

அன்றைக்கு ஒரு ஏற்பாடு செய்தோம். ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டில் இருக்கிற நான்கு போனும் அடுப்படியில் மிக்சி வைத்திருக்கிற மேடைக்குப் போய்விட வேண்டும், சார்ஜர் அங்கேதான், வேறு எங்கேயும் கிடையாது. யாருக்கும் சலுகை இல்லை, எனக்கும் சேர்த்து. 'அலாரம் எப்படி வெக்கிறது?' என்று முதல் கேள்வி வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் 180 ரூபாய்க்கு ஒரு மணி அடிக்கிற கடிகாரம் வாங்கி வந்தேன். அது தெருவையே எழுப்புகிறது, அது வேறு கதை. முதல் வாரம் என் பையன் தண்ணீர் குடிக்க என்று மூன்று தடவை அடுப்படிக்குப் போனான். நான் இரண்டாவது வாரத்தில் மாட்டினேன். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கலாம் என்று பதினோரு மணிக்கு இருட்டில் போய் நின்றால் பின்னால் என் பெண், கையில் சொம்போடு. ஒன்றும் சொல்லவில்லை, லைட்டைப் போட்டாள். அதற்கப்புறம் அந்த விதி கொஞ்சம் உறுதியாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அப்பனும் மாட்டிக்கொள்கிற விதி என்றால் பிள்ளைகள் மதிக்கிறார்கள். எல்லா நாளும் நடப்பதில்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லாதபோது ஒரு மாதம் போனைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தோம். திருப்புதல் தேர்வு சமயத்தில் தோழியிடம் சந்தேகம் கேட்கப் பத்து மணி வரைக்கும் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். கேட்டு வாங்கினாள் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

இப்போது கடையில் லாக் போட வருகிறவர்களிடம் 50 ரூபாய் வாங்குவதில்லை. பிள்ளையையும் மேஜைக்கு முன்னால் வரச் சொல்வேன், போனை அவன் கையிலேயே கொடுத்து அவனையே செய்யச் சொல்வேன். யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்திவிட்டால் திறந்த உடனே வீடியோ வரிசை கட்டி நிற்காது, முகப்பே காலியாக இருக்கும், தேவையானதைத் தேடித்தான் பார்க்க வேண்டும், 2023-லிருந்து இப்படி வைத்திருக்கிறார்கள். நிறையப் பேருக்கு இது தெரியாது. நோட்டிஃபிகேஷனில் போன் கால், வீட்டு ஆட்கள் தவிர மற்றதை நிறுத்தலாம். இன்ஸ்டாவில் உண்மையான வயதைக் கொடுத்தால் பதின்வயதுக் கணக்கு என்று தனியாக வருகிறது, ராத்திரி 10 முதல் காலை 7 வரை அறிவிப்பு வராது, அறுபது நிமிடம் ஆனால் சொல்லும், பதினாறுக்குக் கீழே இருந்தால் இதைத் தளர்த்த அப்பா அம்மா அனுமதி வேண்டும். இந்தியாவில் 2025 தொடக்கத்தில்தான் வந்தது. ஆனால் எல்லாமே 1998-இல் பிறந்த பிள்ளைகளாக இருப்பதால் அது வேலைக்கு ஆவதில்லை. பையன் முகத்தைப் பார்த்து, 'உனக்கே எது தொந்தரவா இருக்கு, அதை மட்டும் நீயே அணைச்சுக்கோ' என்று சொன்னால் யோசித்து இரண்டு மூன்றை அணைக்கிறான். அந்தத் திருப்பூர் அம்மாவின் மகனும் அணைத்தான், விளையாட்டு ஆப்பின் அறிவிப்பை. யூடியூபைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். சரி, போகட்டும்.

அந்த அம்மாவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்குத்தான் கம்பெனியை விட்டு வெளியே வருகிறார், வீடு சேர பத்து ஆகிவிடும். பையன் நாலரைக்கே பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடுகிறான். நடுவில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வீட்டில் ஒரு ஆள் இல்லை. 'பத்திரமா இருக்கானான்னு கூப்பிட்டுக் கேக்கத்தாங்க போனே வாங்கிக் குடுத்தோம்' என்றார். அவரிடம் போய் 'பிள்ளைகளோடு நேரம் செலவிடுங்கள்' என்று எந்த வாயால் சொல்வது? எங்கள் தெருக் கோடியில் பையன்கள் பந்து விளையாடிய காலி இடத்தில் மனை பிரித்துக் கல் நட்டு நான்கு வருடமாகிறது, வீடும் வரவில்லை, பந்தும் போய்விட்டது. கூப்பிட்டுக் கேட்க மட்டும்தான் போன் என்றால் பட்டன் போன் போதும், தொலைத்தொடர்பு கம்பெனிகளைக் கண்காணிக்கிற டிராய் ஆணையத்தின் உத்தரவால் 2025 ஜனவரியிலிருந்து டேட்டா இல்லாமல் பேச மட்டும் தனி பேக்கும் இருக்கிறது, கேட்டால்தான் கடைக்காரன் சொல்வான், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அதில் எங்களுக்குக் கமிஷன் குறைவு. ஆனால் அந்த அம்மாவுக்கு அதுவும் சரிப்படவில்லை. ஏன் தெரியுமா? வீட்டுப்பாடம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. சில நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வருகிறது. போனைப் பார்க்காதே என்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்கிற அதே பள்ளிக்கூடம்தான் ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளையை போனைத் திறக்க வைக்கிறது. கரும்பலகையில் எழுதிப் போட்டு, டைரியில் குறித்து வரச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அரசாங்கம் எதுவுமே செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தென் கொரியாவில் 2011-இல் பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஆன்லைன் விளையாட்டு ஆடக் கூடாது என்று சட்டமே போட்டுப் பார்த்தார்கள், பிள்ளைகள் அந்தச் சட்டத்துக்குள் வராத மொபைல் விளையாட்டுக்கு மாறினார்கள், பத்து வருடத்தில் அவர்களே அதைக் கைவிட்டார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்து மோஹித்யாஞ்சே வட்காவ் என்கிற ஊரில் செய்தது. சுமார் 3,000 பேர் இருக்கிற கிராமம். 2022 ஆகஸ்ட்டில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயில் மேலே இருந்து சைரன் ஊத ஆரம்பித்தார்கள், எட்டரை வரைக்கும் ஊரில் யாரும் டிவி போடக் கூடாது, போனைத் தொடக் கூடாது, பிள்ளைகள் படிக்கலாம், பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம். முதலில் அங்கன்வாடி ஊழியர்களும் ஊராட்சி ஆட்களும் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அந்த விதியில் சின்னப் பிள்ளை, ஊர்ப் பெரியவர் என்று பேதம் இல்லை, எனக்குப் பிடித்தது அதுதான். எங்கள் ஊரில் ஏழு மணிக்குச் சைரன் ஊதினால் பாதி அம்மாக்கள் இன்னும் தையல் மிஷினில் இருப்பார்கள், அதனால் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. வீட்டு அளவில் மிக்சி மேடையாவது எல்லோராலும் முடியும்.

உங்கள் பேப்பர் வழியாக இரண்டு பேரிடம் ஒரு விண்ணப்பம் வைக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன், இடம் இல்லை என்றால் மேலே எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், இதை மட்டும் போடுங்கள். பள்ளிக்கூடங்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் பிள்ளைகளுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். அடுத்தது, டெலிகாம் கம்பெனிகளும் டிராயும்: அந்த நாள் கணக்கை ராத்திரி 12 மணிக்குப் பதில் காலை 6 மணிக்கு மாற்றுங்கள். யாருடைய டேட்டாவையும் குறைக்கச் சொல்லவில்லை, இரண்டு ஜிபி இரண்டு ஜிபியாகவே இருக்கட்டும். பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுக்கு நள்ளிரவு 12 முதல் 5 வரை அடைப்பு என்று தமிழக அரசு 2025-இல் விதி கொண்டு வந்தபோது கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று சொன்னது. அப்படி இருக்கும்போது புது டேட்டா விழுகிற மணியை ஆறு மணி நேரம் தள்ளி வைப்பதா பெரிய காரியம்? சர்வரில் ஒரு எண்ணை மாற்றுகிற வேலை. காலை ஆறு மணிக்குப் புது டேட்டா வந்தால் எழுந்திருக்கவாவது செய்வார்கள்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர்,
தாராபுரம், திருப்பூர் மாவட்டம்.